மிஷினுக்குத்தான் காத்து

எங்கள் அரசு மருத்துவமனையின் எக்ஸ்ரே அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே உடைந்த எலும்பு தானாக ஒட்டிக்கொள்ளும். சரி, கண் காது மூக்கு வைத்துத்தான் சொல்கிறேன். எலும்பு ஒட்டாது; அவள் அதட்டலில் வலி மறந்துபோகும், அது நிஜம்.

அக்காவுக்கு வாய்த்த மிஷின் அவள் வேலைக்குச் சேர்ந்தபோதே கிழடு. நாலு படம் எடுத்தால் கொதித்துப்போய்ப் படுத்துக்கொள்ளும். அறையில் இருக்கும் ஒரே டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டு, காய்ச்சல்காரக் குழந்தையின் அருகில் இருப்பதுபோல அவளும் காத்திருப்பாள். வெளியே பெஞ்சில் வேர்த்து வழிகிறவர்களுக்குக் கதவிடுக்கில் தெரிந்ததெல்லாம் அந்த ஃபேன்தான்.

"எங்க வரிப்பணத்துல மிஷினுக்குக் காத்து வீசிட்டு இருக்கியாம்மா?" என்று கத்துவார் முட்டிவலி டிரைவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஹாரன் மட்டும் தொண்டையிலேயே தங்கிவிட்டது.

"அதுக்கும் மூச்சு வாங்குதுங்கய்யா. நீங்க போடுற சத்தத்துல உங்க முட்டியே பயந்து நேராயிடும், இருங்க."

அந்த வருடம் மேலிடத்துக்குக் கையைக் கடித்தது. சுற்றுவட்டாரத்துக்கே ஒரு புது மிஷின்தான். எங்கே தேவை என்று பார்க்க அதிகாரி நேரில் வருகிறார் என்றார்கள்.

விருந்தாளி வந்தால் வீட்டுக் குறையெல்லாம் கட்டிலுக்கடியில் போய்விட வேண்டும் என்பது மாமியாரிடம் அக்கா கற்ற பாடம். காலையிலேயே தரையைத் தேய்த்தாள். மிஷினுக்குப் புது உறை மாட்டினாள். ஃபேனைத் துணி போட்டு மூடி மூலையில் தள்ளினாள். அதிகாரி வரும்வரை ஒரு படமும் எடுக்கவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்த மிஷின், அவர் முன்னால் புது மருமகள்போல அடக்கமாக ஒரே தடவையில் படம் எடுத்தது.

"அருமையா வச்சிருக்கீங்கம்மா. இங்க புதுசு எதுக்கு?" என்று அதிகாரி கிளம்பினார்.

அக்கா அவர் பின்னாலேயே ஓடினாள். உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். பழக்கதோஷம், வந்தது வேறு: "கொஞ்சம் சூடாகும் சார்... அஞ்சு நிமிஷம் விட்டா சரியாயிடும்."

வெளியே பெஞ்சில் காத்திருந்த டிரைவர் ஊன்றுகோலை வாசலில் குறுக்கே நீட்டினார்.

"அஞ்சு நிமிஷமா! சார், மூலையில அந்தத் துணியை எடுத்துப் பாருங்க, அதுதான் மிஷினுக்கு நர்ஸ். நான் பெஞ்சுல ஒரு தூக்கம் போட்டு, எழுந்து டீ குடிச்சு, இந்தப் பொண்ணுகிட்ட சண்டையும் போட்டு முடிச்சிருப்பேன். அப்பவும் அது சூடாத்தான் இருக்கும்!"