ஆடி ஒன்பதாம் தேதிக்குள்

முட்டி எப்போது வலிக்க ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டபோது தெய்வானைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மிளகாய் நெடி மூக்கில் ஏறாமல் போனது எந்த வருஷம் என்று கேட்டால் எப்படிச் சொல்வாள்? அதுபோலத்தான் இதுவும். இருபத்தொரு வயதில் கல்யாணமாகிக் கிணத்துக்கடவுக்கு வந்த மறுவாரமே புருஷன் நாச்சிமுத்துவின் மாவு மில்லில் வந்து நின்றாள். முப்பத்துநாலு வருஷமாக நின்றுகொண்டிருக்கிறாள். உட்கார்ந்து பார்க்கிற வேலை இல்லை அது. தானியத்தை அள்ளிக் கொட்ட வேண்டும், கீழே விழுகிற மாவின் பதத்தை இரண்டு விரலால் நெரித்துப் பார்க்க வேண்டும், மிளகாய்க்குப் பின்னால் கேப்பை வந்தால் இரண்டு கை நொய்யரிசியை ஓட்டிக் காரத்தைக் கழுவி விட வேண்டும். அப்படியும் ஒரு நாள் யார் வீட்டுக் குழந்தையின் கஞ்சியிலோ காரம் ஏறிவிட்டால் சண்டைக்கு வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். எல்லாம் நின்றபடிதான்.

"இப்பவே ஆபரேஷன் வேண்டாம். மாத்திரை, பயிற்சி. ஆனா ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ, அதுக்கு மேல தள்ள முடியாதும்மா. வலது முட்டிய மாத்தித்தான் ஆகணும்" என்றார் டாக்டர்.

தெய்வானை பயப்படவில்லை. அவளிடம் இன்சூரன்ஸ் இருந்தது.

அதைப் போட்டுக் கொடுத்தவன் கோயமுத்தூரில் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டாக இருக்கிற அவளுடைய தம்பி மகுடேசு. ஐந்து வருஷத்துக்கு முன்னால், "அக்கா, சர்க்கரை இருக்குது, முட்டி வலிங்கற. இன்னிக்குப் போட்டா இதுக்கெல்லாம் மூணு வருஷம் கழிச்சுத்தான் பணம் தருவாங்க. அதனாலதான் இன்னிக்கே போடோணும்ங்கறேன்" என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகச் சேர்த்துவிட்டான். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சேர்த்து, நாச்சிமுத்துவின் பேரில், ஐந்து லட்சம். மூன்று வருஷம் போனதே தெரியவில்லை. ஒரு தடவைகூடக் கேட்டு வாங்காததால் வருஷத்துக்கு ஐம்பதாயிரம் கூடிக்கொண்டே வந்தது.

"இப்ப ஏழரை லட்சம் அக்கா" என்று இந்த வருஷம் மகுடேசு சொன்னபோது, "ஏழரைன்னு சொல்லாத மாப்ள, ஏழும் அரையும்னு சொல்லு" என்றார் நாச்சிமுத்து. சனியை நினைவுபடுத்துகிற எதுவும் அவருக்கு ஆகாது.

மகுடேசு அன்றைக்கு ஏழரையைச் சொல்ல வரவில்லை. டாக்டர் பார்க்கிற ஆஸ்பத்திரியைப் பழைய கம்பெனி தன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இனிமேல் அங்கே ஆபரேஷன் செய்தால் முதலில் கையிலிருந்து கட்டிவிட்டு, பின்னால் பில்லை அனுப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். ஆபரேஷனுக்கு ஆகிற மூன்று லட்சத்தை முதலில் கட்டுவதற்கு இருந்தால் இன்சூரன்ஸ் எதற்கு?

"அதுக்குத்தான் கம்பெனிய மாத்தறோம். பழச விட்டுப்போட்டுப் புதுசா சேர்றதில்ல, மாத்தறது. நீ முடிச்ச மூணு வருஷமும், கூடின ரெண்டரை லட்சமும் அப்படியே கூட வந்துரும். ஆனா ஒண்ணு. பாலிசி செப்டம்பர் எட்டாம் தேதி முடியுது. நாப்பத்தஞ்சு நாளைக்கு முன்னாடி புதுக் கம்பெனிக்கு எழுதிக் குடுத்தாகோணும். ஜூலை இருபத்தஞ்சு கடைசி. ஒரு நாள் தள்ளுனாலும் முடியாதுன்னு சொல்ல அவங்களுக்கு ரைட்டு உண்டு."

"முட்டி வலியப் பத்தி எழுத வேண்டாம் மாப்ள" என்றார் நாச்சிமுத்து. "சும்மா இருக்கறவனை எதுக்குத் தட்டி எழுப்பறது?"

"எழுதித்தான் ஆகோணும் மாமா. பழைய கம்பெனிகிட்டயே கேட்டு வாங்கிப் பார்ப்பாங்க. மறைச்சோம்னு தெரிஞ்சா, கட்டினது பூராவும் மண்ணாப் போயிரும்."

ஐந்து வருஷத்துப் பாலிசி நகல், டாக்டர் சீட்டு, புதிதாக ஒரு ரத்தப் பரிசோதனை, மாமாவின் கையெழுத்து எல்லாம் வேண்டும் என்று சொல்லிவிட்டு, மகுடேசு விண்ணப்பப் பாரத்தைக் கொடுத்துக் கோயமுத்தூர் போனான். பழைய சீட்டுகளைத் தெய்வானை அரிசிப் பானையிலிருந்து மெத்தைக்கு அடி வரைக்கும் தேடி எடுத்தாள். ரத்தம் கொடுத்து ரிசல்ட் வர மூன்று நாள். எல்லாவற்றையும் பழுப்புக் கவரில் போட்டு நாச்சிமுத்துவிடம் நீட்டியபோது ஜூலை பதினேழு.

"கையெழுத்துப் போட்டு நானே கொண்டு போயிக் குடுத்தர்றேன். மோட்டாரு மெக்கானிக்கை வேற பாக்கோணும்" என்று வாங்கிக்கொண்டார்.

அவள் அதை அத்தோடு மறந்தாள். மறக்கவைக்கிற அளவுக்கு மில்லில் கூட்டம். மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றுவதற்குத் தெருவுக்குத் தெரு கம்பும் கேப்பையும் மூட்டையாக வந்து இறங்கின. வரிசையில் தகரச் சம்படம் வைத்துவிட்டுப் பெண்கள் பக்கத்துப் பேக்கரியில் டீ குடிக்கப் போனார்கள்.

இருபத்துநாலாம் தேதி காலை பதினொரு மணிக்குத் தம்பியிடமிருந்து போன் வந்தது. மிஷின் சத்தத்தில் கேட்காமல் வெளியே வந்து நின்று பேசினாள்.

"அக்கா, கவர் இன்னும் வரல. மாமாவ மூணு தடவ கூப்பிட்டேன். வர்றேன் மாப்ள, வர்றேன் மாப்ளங்கறாரு. நாளைக்குக் கடைசி."

தெய்வானை போனை வைத்தாள். வீடு மில்லுக்குப் பின்னால்தான். சாமி அலமாரியைத் திறந்தாள். பழுப்புக் கவர் முருகன் படத்துக்கு அடியில் இருந்தது. மேலே ஒரு மஞ்சள் கிழங்கு வைத்திருந்தது. உள்ளே எல்லாம் இருந்தன, கையெழுத்தைத் தவிர.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பதினேழாம் தேதி ஆடி ஒன்று.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆடி மாசத்தில், தள்ளுபடி என்று புது மிளகாய் மிஷின் ஒன்று வாங்கினார் நாச்சிமுத்து. மூன்றாம் நாள் பெல்ட் அவருடைய இடது கை மோதிர விரலின் நுனியை எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து ஆடியில் அவர் ஒரு துடைப்பம்கூட வாங்குவதில்லை. தெய்வானையும் அதைக் கேலி செய்ததில்லை. அந்த விரலுக்குத் துணி சுற்றிப் பொள்ளாச்சி வரை மடியில் வைத்துக்கொண்டு போனவள் அவள்.

கவரோடு மில்லுக்குத் திரும்பினாள். மிஷினை நிறுத்தினாள். கம்பு அரைக்க வந்து வரிசையில் உட்கார்ந்திருந்த பழனாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். தெய்வானை நாச்சிமுத்துவிடம் கவரை நீட்டினாள்.

"ஏனுங்க, இது என்ன சாமிக்கு நேர்ந்துவிட்டதுங்களா?"

நாச்சிமுத்து தராசைத் துடைத்தார். "ஆவணி ஒண்ணாந் தேதி போட்டர்றேன் அம்மிணி. நம்ம ஒறம்பரை சொந்தத்துல எவனாவது ஆடியில புதுசா ஒண்ணை ஆரம்பிப்பானா?"

"ஆவணியில போட்டா எடுத்துக்க மாட்டாங்க. நாளைக்குத்தான் கடைசி."

"எடுத்துக்கலைன்னா போகுது. ஆவணியில நல்ல நாள் பார்த்து, புதுசாவே ஒண்ணு போட்டுக்கலாம். இந்தக் கம்பெனி இல்லைன்னா இன்னொண்ணு."

"புதுசாப் போட்டா என்ற முட்டிக்கு மறுபடி மூணு வருஷம் காத்திருக்கோணும். டாக்டரு ஒண்ணரை வருஷம்னு சொன்னாரு. மீதி ஒண்ணரை வருஷம் நான் எதுல நிக்கறது? உங்க தலைலயா?"

பழனாத்தாள் சிரித்துவிட்டாள். "அண்ணனுக்குத் தலையே வழுக்கை. அக்கா வழுக்கி விழுந்துரும்."

"நீ சும்மா இரு பழனா. விரலு போனது எனக்கு" என்று கையைத் தூக்கிக் காட்டினார் நாச்சிமுத்து. பிறகு குரலைத் தணித்தார். "எனக்கொண்ணும் ஆசையில்ல தெய்வானெ, உன்ன நோக விடறதுக்கு. உன்ற உடம்பு விஷயம். அதை ஆடியில தொட்டு, ஏதாச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா? அதுக்குத்தான் சாமிகிட்ட வச்சேன்."

அவளுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. மஞ்சள் கிழங்கை அவர் எதற்கு வைத்தார் என்று புரிந்தது. ஆனால் பாதிக் கோபம் இறங்கியதால் தேதி நகர்ந்துவிடாது. சுவரைப் பார்த்தாள். சுவரில் மீட்டர் இருந்தது.

"போன ஆடியில கரண்ட்டாபீஸ்ல இருந்து வந்து மீட்டரை மாத்துனாங்களே, நீங்க ஏன் வேண்டாம்னு சொல்லல?"

"அது எப்படிச் சொல்றது? கவர்மென்ட்டு."

"புது மீட்டருதானுங்களே?"

"மீட்டருதான் புதுசு. சர்வீஸ் நம்பரு உன்ற மாமனாரு காலத்து நம்பரு. பழைய மீட்டருல ஓடுன யூனிட்டை எழுதி வச்சுக்கிட்டுத்தானே மாத்துனான்?"

"அதேதான் இதும். மகுடேசு பத்துத் தடவ சொன்னான், நீங்க பதினோராந் தடவையும் காதுல வாங்கல. புதுசா ஆரம்பிக்கக் கூடாதுன்னுதான் இந்தப் பாடு. ஆவணியில போடலாம்ங்கறீங்க பாருங்க, அதுதானுங்க புதுசு."

நாச்சிமுத்து மீட்டரை அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பழனாத்தாள், "அண்ணே, என்ற கம்பு வெய்யல்ல காயுது. மீட்டரை அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள்.

"முந்தாநேத்துத் தேதி போடலாமா? இல்ல, ஆனி முப்பத்திரண்டுன்னு..."

"பொய்த் தேதி போட்டா இன்னொரு விரலும் போயிரும்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். எழுதப்போனவர் நிறுத்தி, காலண்டரைப் பார்த்தார். ராகு காலம் மூன்று மணிக்கு மேல்தான். எமகண்டம் பத்தரைக்கே கழிந்திருந்தது. தராசுத் தட்டின்மேல் பாரத்தை வைத்து, மாவு படாமல் இருக்க ஊதிவிட்டு, ஆறு இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஆறாவதில் பேனா எழுதவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பழனாத்தாள் மடியிலிருந்து தன் பேனாவை எடுத்து நீட்டினாள். மகளிர் குழுவில் அவள்தான் செயலாளர்.

தபாலுக்கோ பஸ்ஸுக்கோ விட நேரமில்லை. மகுடேசு மத்தியானமே வண்டியில் வந்து, எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அங்கிருந்தபடியே அனுப்பினான். "போயிருச்சு" என்று அவன் சொன்னபோது ஆடி எட்டு, மணி இரண்டே கால். அக்கா வைத்த கம்பஞ்சோற்றைச் சாப்பிட்டு மோரையும் குடித்துவிட்டு, மாமாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பினான். அந்த மௌனம் ஆவணி வரைக்கும் நீடித்தது.

அதன்பிறகு காத்திருப்பு. புதுக் கம்பெனி சார்பில் ஒரு டாக்டரம்மா போனில் கூப்பிட்டு முட்டியைப் பற்றிக் கால்மணி நேரம் கேட்டாள். படி ஏறுவீர்களா, தரையில் உட்கார்வீர்களா, யாராவது ஆபரேஷன் தேதி சொல்லியிருக்கிறார்களா. தெய்வானை இருப்பதை இருந்தபடி சொன்னாள். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு என்று மகுடேசு எச்சரித்திருந்தான். அப்படிச் சொன்னால் பழைய கம்பெனியிலேயே தொடர்ந்து கட்டிக்கொண்டு, மூன்று லட்சத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும். அந்த இரண்டு வாரமும் அவள் வழக்கம்போலத்தான் மாவு அரைத்தாள். இரண்டு முறை மட்டும் மிளகாய்க்குப் பிறகு நொய் ஓட்ட மறந்து, இரண்டு வீட்டுக்குக் கேப்பை மாவை இலவசமாக மறுபடி அரைத்துக் கொடுத்தாள்.

ஆடி பதினெட்டு கழிந்து நாலாம் நாள் தகவல் வந்தது. எடுத்துக்கொள்கிறார்கள். சர்க்கரைக்காகப் பிரீமியத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் கூடுதல்.

"பாத்தியா, பாத்தியா? ஆடியில போட்டா இப்படித்தான்" என்றார் நாச்சிமுத்து. அதில் ஒரு திருப்திகூட இருந்தது. ஆடி தன் பங்கை இரண்டாயிரத்தோடு வாங்கிக்கொண்டு போய்விட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார்போல. மறுபேச்சில்லாமல் கட்டினார்.

அடுத்த வருஷம் கார்த்திகைக் கடைசியில் தெய்வானையால் மில்லின் ஒற்றைப் படியைக்கூட ஏற முடியவில்லை. டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, டிசம்பர் இருபத்திரண்டு என்று தேதி கொடுத்தார். மார்கழி ஏழு. நாச்சிமுத்து வாயைத் திறந்தார். தை பிறக்கட்டும் என்று சொல்லப்போகிறார் என்று தெய்வானை அவரையே பார்த்தாள்.

"எத்தன மணிக்கு வரோணுங்க?" என்று கேட்டார் அவர்.

மார்கழி ஏழன்று ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். "ஐயா, இந்தப் பாலிசி போன வருஷம் செப்டம்பர்லதானே எடுத்திருக்கீங்க? முட்டிக்கு மூணு வருஷம் ஆகியிருக்கணுமே."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த தெய்வானைக்கு எழுந்து வர முடியவில்லை. அவள் குரல் கொடுப்பதற்குள் நாச்சிமுத்து மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கவருக்குள்ளிருந்து தாளை உருவி, இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, நுனியில்லாத விரலை ஒரு வரியின்மேல் வைத்தார்.

"அது கம்பெனி மாறின தேதிங்க. மொதமொதல்ல ஆரம்பிச்ச தேதி இங்க போட்டிருக்குது, படிங்க. ஆறு வருஷமாச்சு. மீட்டருதானுங்க புதுசு."

"மீட்டரா?" என்றாள் அந்தப் பெண். ஆனால் வரியைப் படித்தாள், எதையோ தட்டினாள், ஒரு தாளில் முத்திரை குத்தினாள். "சரிங்க ஐயா. அனுப்பிட்டேன். மூணாவது மாடி. அங்க ஒரு கையெழுத்துப் போடணும்."

நாச்சிமுத்து தாள்களை அடுக்கிக் கவரில் போட்டுக்கொண்டு பெஞ்சுக்கு வந்தார். தெய்வானை அவர் தோளைப் பிடித்து எழுந்தாள்.

"பேனா எழுதுதுங்களா?" என்றாள்.

அவர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். இரண்டு பேனா இருந்தன.