அணுகுண்டு பெருகாமல் பார்க்கும் உத்தியோகம்

குண்டு செய்தவர்களுக்கு நாடெங்கும் பெயர். குண்டு பெருகாமலிருக்க வழி பார்க்கிற எங்களுக்குச் சொந்தத் தெருவிலேயே பெயர் கிடையாது. "என்ன வேலை பார்க்கறீங்க?" என்ற கேள்விக்கு ஒரே மூச்சில் பதில் சொல்ல முடியாதவர்களே, இது உங்களுக்குத்தான். நான் இயற்பியல் படித்தவள். எந்த நாடு ரகசியமாக அணு ஆயுதம் பக்கம் நகர்கிறது என்று செயற்கைக்கோள் படங்களையும் ஏற்றுமதிப் பட்டியல்களையும் வைத்துப் பார்த்து, டெல்லியில் ஓர் ஆய்வு மையத்துக்கு அறிக்கை எழுதுகிறேன். கணவருக்கு விருத்தாசலத்தில் கல்லூரி வேலை. அதனால் எழுதுவது இங்கே, எங்கள் வீட்டு மாடியறையில்.

பந்தியில்

சேத்தியாத்தோப்பில் ஒரு கல்யாணம். பக்கத்து இலையில் கணவரின் மாமா. என் வேலை என்னவென்று கேட்டார், சொன்னேன். பாயசம் வருவதற்குள் மறுபடி கேட்டார். "யாரும் புதுசா அணுகுண்டு செய்யறாங்களான்னு பார்த்து எழுதறது மாமா" என்று சுருக்கினேன். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே யோசித்தார்.

"அப்ப நீ செய்யறதும் இல்ல, தடுக்கறதும் இல்ல. செய்யறான்னு எழுதி வெக்கற. இதுக்கு எதுக்கும்மா இத்தினி வருசம் படிச்ச?"

ஒரு கூரை

பாலைவனத்தில் ஒரு கட்டடம். அதன் கூரையை மட்டும் மூன்று வருடம் பார்த்தேன். லாரிகள் வருவது, வேலி நீள்வது, திடீரென்று எல்லாம் நிற்பது. உள்ளே நடப்பது சாதாரண வேலை இல்லை என்று அறுபது பக்கம் எழுதினேன். இருபதாக்கச் சொன்னார்கள். ஆக்கினேன். கடைசியில் ஒரு பக்கம் போதும் என்றார்கள். 'நடக்கிறது' என்று நான் எழுதியது, போகிற வழியில் 'நடக்கக்கூடும்' என்று ஆகி, 'நடக்கும் வாய்ப்பை மறுப்பதற்கில்லை' என்று போய்ச் சேர்ந்தது.

அடுத்த வருடம் அந்த நாடே அதைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. மையத்தில் எனக்கு மூத்தவர், மதுரைக்காரர், போனில் கூப்பிட்டார். பாராட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"மேல யாரும் படிச்ச மாதிரி தெரியலைம்மா. ஆனா எழுத்துப்பிழை ஒண்ணு கூட இல்லை, அதைக் கவனிச்சேன்."

பதில் வராத கடிதம்

எங்கள் ஊர் செராமிக் தொழிற்பேட்டையில் செல்வராஜ் சின்னதாக ஒரு கம்பெனி வைத்திருக்கிறார். கரண்ட் ஃப்யூஸுக்கான பீங்கான் கட்டைகள் செய்கிறார். ஒரு நாள் போனைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். முன்பின் தெரியாத வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, உலோகம் உருக்கும் மூசைகள் கேட்டிருந்தது. அவர்கள் கேட்ட சுத்தமும் வகையும் எனக்கு உறுத்தின. அது நகைப் பட்டறைக்கும் போகலாம், போகக்கூடாத இடத்துக்கும் போகலாம்.

"கடைசியில யாரு, எதுக்குப் பயன்படுத்தப் போறாங்கன்னு எழுத்துல கேளுங்க" என்றேன். கேட்டார். பதில் வரவில்லை. மறுபடி கேட்டார். அப்போதும் இல்லை. கூடுதலாக வேலைக்கு வரச்சொல்லியிருந்த பெண்களைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றார். நான் செய்தது சரியான காரியம். அவர் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

"தப்பான ஆளுங்களா, இல்ல கேள்வி கேட்டா புடிக்காத ஆளுங்களா? அதுகூடத் தெரியாம என் சூளை ஆறிப்போச்சு மேடம்."

ஷகிலாக்கா வீட்டில்

எதிர்வீட்டு ஷகிலாக்காவின் மகன் அன்வர் வளைகுடாவில் எலக்ட்ரீஷியன். அந்த வாரம் அங்கே வானத்தில் ஏவுகணை பறந்ததாக டிவி பூராவும் அதே பேச்சு. சண்டை பெரிதாக வாய்ப்புக் குறைவு என்று நான் அன்று காலைதான் எழுதி அனுப்பியிருந்தேன்.

சாயங்காலம் அக்கா வந்தார். கையில் போன், அதில் அன்வர் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"சுமதி, நீ இதத்தான படிச்சிருக்க. புள்ளய வரச் சொல்லட்டுமா, வேணாமா? ஒரு வார்த்த சொல்லு."

'வாய்ப்புக் குறைவு' என்பதை டெல்லிக்கு எழுதலாம். ஒரு தாயிடம் சொல்ல வாய் வரவில்லை. என் மகன் அங்கே இருந்தால் என்ன செய்வேன் என்றுதான் தோன்றியது. "வரச் சொல்லுங்கக்கா" என்றேன்.

அன்வர் வந்துவிட்டான். பத்து நாளில் அங்கே எல்லாம் அடங்கிவிட்டது. அவன் இடத்தில் வேறு ஆள் சேர்ந்துவிட்டான். இப்போது பெண்ணாடத்துக்கு பஸ்ஸில் போய்க் கிடைத்த வயரிங் வேலை பார்க்கிறான். என் அறிக்கைதான் சரி, என் வாய்தான் தவறு. போன வாரம் நோன்புக் கஞ்சி கொடுக்க வந்தவன், பாத்திரத்தை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "கூட இருந்த பசங்க எல்லாம் அங்கயேதான் இருக்கானுங்க ஆன்ட்டி. யாருக்கும் ஒண்ணும் ஆவல."

பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கேட்க விடவில்லை.

"ஒண்ணும் ஆவலன்னு நீ வருத்தப்படற. ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுதான நான் அஞ்சு வேளையும் துவா செஞ்சேன்!"

ஒன்றும் நடக்கவில்லையே என்று நன்றி சொல்ல ஒருவரும், ஒன்றும் நடக்கவில்லையே என்று குறைப்பட ஒருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு எதிரில்தான் என் ஆபீஸ்.