நைனாவுக்கு நல்ல மரணம்

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எண்ணூரில் ஒரு கம்பெனியில் வேலை முடித்து ராயபுரம் வீட்டுக்கு ரயிலில் திரும்பும்போது, ஜன்னலோர சீட்டிலேயே அவர் உயிர் போய்விட்டது. ஷிப்டு விட்ட கூட்டம். தூங்குகிறார் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். ராயபுரம் தாண்டி பீச் ஸ்டேஷனில் பெட்டி காலியான பிறகுதான் யாரோ தொட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் ஜனங்களுக்கு இதைவிடப் பெரிய துக்கம் கிடையாது. உயிர் பிரியும் நேரத்தில் பக்கத்தில் ஒருவர் இருந்து, காதோடு 'இயேசு, மரி, சூசை' என்று சொல்லி அனுப்ப வேண்டும். தெருவில் யாருக்கு இழுத்துக்கொண்டிருந்தாலும் அம்மாதான் முதல் ஆளாகப் போய் உட்காருவாள். சொந்தப் புருஷனுக்கு அவளால் சொல்ல முடியவில்லை. "அத்தினி பேரு இருந்தும் தனியா பூட்டாரே" என்பதே அவள் அழுகை.

நினைவு நாளில் ஆன்ம இளைப்பாற்றிக்கென்று பூசை கொடுப்பது வழக்கம். போன வருடம் அம்மா கோயில் ஆபீசில் போய், "அவருக்கு நல்ல மரணம் கெடைக்கணும்னு படிங்க" என்றாள். பூசையில் வேண்டுதல்களை வாசிக்கும் உபதேசியார் திகைத்துப்போனார்.

"அம்மா, அது உயிரோட கீறவங்களுக்கு வேண்டிக்கிறது. இவரு போயி எத்தினி வருசம் ஆவுது?"

"உனக்கும் எனக்கும் ஆச்சு. ஆண்டவரு இன்னா காலண்டரா மாட்டிக்கினு கீறாரு? இன்னிக்கு நான் கேக்கறது அன்னிக்கே அவருக்குக் கேட்டிருக்கும்."

அவளிடம் பேசி ஜெயிக்க முடியுமா? உபதேசியார் அப்படியே வாசித்தார். முன்பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத்தான் மூக்கு நுனியில் கோபமாயிற்றே, கோயில் வாசலிலேயே கத்தினேன். "முடிஞ்சது முடிஞ்சதுதாம்மா. ஏன் ஊரைச் சிரிக்க வைக்கிற?"

"நீ வூட்டுக்குப் போ. நான் எண்ணூர் போயிட்டு வரேன்" என்றாள்.

முணுமுணுத்துக்கொண்டே நானும் பின்னால் போனேன். எண்ணூரில் இறங்கி, நைனா வழக்கமாகத் திரும்பும் சாயங்கால வண்டியில் ஏறினோம். ஜன்னலோரத்தில் ஒருவர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு வருகிறதா என்று உற்றுப் பார்த்தாள். வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசைய, 'இயேசு, மரி, சூசை' என்று ஆரம்பித்தாள். கத்திவாக்கம் போயிற்று, விம்கோ நகரும் போயிற்று, அவள் நிறுத்துகிற வழியாக இல்லை.

"இன்னும் எவ்ளோ நேரம்மா?"

"எந்த ஸ்டேஷனாண்ட உயிர் போச்சுனு தெர்லியே. வூடு வர்ற வரைக்கும் சொல்லிகினே வரணும்."

அதற்குமேல் எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. தண்டையார்பேட்டை தாண்டியதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் சொல்ல ஆரம்பித்தேன். ராயபுரத்தில் எழுந்தபோது அம்மா அந்த மனிதரைத் தட்டி எழுப்பினாள். கொருக்குப்பேட்டையில் இறங்க வேண்டியவராம். அலறியடித்துக்கொண்டு எங்களோடு இறங்கினார்.

நடந்து முடிந்ததை ஆண்டவர் மாற்றுவாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பங்குச் சாமியாரைக் கேட்டால் சுற்றி வளைத்து ஏதாவது சொல்வார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அந்த ரயிலில் நைனா தனியாக இருப்பதை இப்போது என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. எப்போது நினைத்தாலும் பக்கத்தில் அம்மா உட்கார்ந்து அவர் காதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.