மோனோ ரயிலில் வந்தவர்

என் கணவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. தாராவியில் பிறந்து இந்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பெயர்ப் பலகையில் தமிழைக் கண்டால், பக்கத்தில் இந்தி இருக்கிறதா என்று தேடுவார். நான் கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள், கதை எழுதுகிறவள். எழுதுகிற பெண்கள் பலரும் எழுதியதை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்த கதையைச் சொல்லிக் கண்கலங்குவார்கள். எனக்கு அந்தத் தொல்லையே இல்லை. எழுதிய தாளை அவருடைய சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்துப் போட்டுவிட்டு நிம்மதியாகக் குளிக்கப் போவேன்.

பதினைந்து வருடம் இப்படி ராஜ வாழ்க்கை வாழ்ந்தேன். அவருடைய குறட்டையை ஒரு கதையிலும், கல்யாண நாளை மறந்ததை மூன்று கதைகளிலும் பயன்படுத்திக்கொண்டேன். பத்திரிகை வந்தால் என் பெயர் இருக்கும் இடத்தைக் கேட்டு, அதை விரலால் தொட்டுப் பார்த்து, "நல்லாருக்கு" என்பார். இப்படி ஒரு விமர்சகர் எத்தனை எழுத்தாளர்களுக்கு வாய்ப்பார்?

ஆண்கள் எழுதும் கதைகளைப் படித்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனைவி காபியோடு வருவாள், டம்ளரை வைப்பாள், உள்ளே போய்விடுவாள். கதாநாயகன் ஜன்னலைப் பார்த்தபடி வேறொருத்தியை நினைத்துக்கொண்டிருப்பான். விஷயம் தெரிந்து மனைவி பாத்திரத்தை உருட்டினால் அதற்குப் பெயர் பொறாமை. அதே சந்தேகம் அவனுக்கு வந்தால் அதற்குப் பெயர் வேதனை, அதற்கு இருபது பக்கம். மாட்டுங்காவில் மாதாமாதம் நடக்கும் இலக்கியக் கூட்டத்தில் ஒருமுறை எழுந்து இதைச் சொன்னேன். தலைமை வகித்த பெரியவர், "அதெல்லாம் கதைதானேம்மா, ஏன் வீட்டோடு சேர்த்துப் பார்க்கறேள்?" என்றார். அவருடைய மனைவி அப்போது பின்வரிசையில் எல்லோருக்கும் காபி ஊற்றிக்கொண்டிருந்தார்.

அந்த ஆத்திரத்தில்தான் அந்தக் கதையை எழுதினேன். கதாநாயகி கல்யாணமானவள், செம்பூரில் இருப்பவள், வடாலாவில் வேலை. தினமும் மோனோ ரயிலில் போகிறாள். கூட்டம் பிதுங்கும் ஹார்பர் லைன் ரயிலில் காதல் வராது, மூச்சே வராது. அந்தச் சமயத்தில் மும்பையில் உட்கார இடம் கிடைக்கும் ஒரே வண்டி மோனோ ரயில்தான் என்பதால் காதலை அங்கே வைத்தேன். எதிர் இருக்கையில் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் வருகிறார். ஒருநாள், "என்ன படிக்கிறீங்க?" என்று கேட்கிறார். அவள் நாலு பக்கத்துக்குப் பதில் சொல்கிறாள், அவரும் நாலு பக்கத்துக்குக் கேட்கிறார். பிறகு இறங்கிப் போய்விடுகிறார். கதை அவ்வளவுதான்.

பத்திரிகையில் வந்து பத்து நாள் இருக்கும். வேலையிலிருந்து திரும்பிய என் கணவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டார்: "ஏளா, யாரு அவன்?"

எவன் என்றேன். மோனோவில் வருகிறவன் என்றார். வடாலாவில் மழையில் குடை பிடித்துக் கூட்டிக்கொண்டு போனானாமே, கையைப் பிடித்தானாமே என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் கதை நடப்பது மே மாதத்தில். மே மாதத்தில் மும்பையில் மழைக்குக் குடை பிடிக்க அந்த ஆளுக்குப் பைத்தியமா?

விசாரித்ததில் உண்மை வெளியே வந்தது. என் கணவர் தோல் பை தைக்கும் கார்கானா வைத்திருக்கிறார். அங்கே புதிதாகச் சேர்ந்த கட்டிங் மாஸ்டர் ஊர்க்காரர், தமிழ் படிக்கத் தெரிந்தவர். முதலாளி வீட்டு அம்மாள் எழுதியது என்று டீ நேரத்தில் கதையை எல்லோருக்கும் உரக்கப் படித்திருக்கிறார். நேரே போய் அவரைக் கேட்டேன். கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "கதை சப்புன்னு இருந்துச்சு மதினி. பயலுவ டீ குடிச்சிக்கிட்டே கேக்கானுவ, ஏதாவது மசாலா போடணும்லா?" என்றார். என் எழுத்தில் கை வைத்த பத்திரிகை ஆசிரியர்கள் உண்டு, ஆனால் அவர்கள் வெட்டியதுதான் உண்டு. குடை கொடுத்தவர் இவர் ஒருவர்தான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் என் கணவர் மோனோ ரயிலில் ஏறி, செம்பூரிலிருந்து வடாலா வரை போய்த் திரும்பினார். பெட்டிக்கு ஆறு பேர்தான் இருந்தார்கள், அதில் நாலு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்று வந்து சொன்னார். கட்டம் போட்ட சட்டையில் ஒருவன் இருந்தானாம். மனைவியும் குழந்தையும் கூட இருந்தார்களாம், இருந்தாலும் ஆள் முழி சரியில்லையாம். நான் ஐரோலியில் ஒரு கூரியர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். போவதும் வருவதும் லோக்கல் ரயிலில், பெண்கள் பெட்டியில். மோனோவில் வாழ்நாளில் இரண்டு தடவை ஏறியிருக்கிறேன், இரண்டு தடவையும் இவரோடு. அதைச் சொன்னேன். "அப்பம் பாக்காமலா இம்புட்டு எழுதுன?" என்றார். காபி டம்ளருக்கு மேலே ஆயிரம் பெண்களை நினைத்த கதாசிரியர்கள் எவரிடமாவது, யார் அவள் என்று யாராவது டிக்கெட் எடுத்துக்கொண்டு தேடிப் போயிருப்பார்களா?

இது வெறும் சண்டையாக இருந்திருந்தால் இரண்டு நாளில் ஆறியிருக்கும். ஆனால் என் முதல் தொகுப்பு அப்போது அச்சுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. புத்தகம் வரட்டும், அந்தக் கதை மட்டும் அதில் இருக்கக் கூடாது என்று கணவர் சொல்லிவிட்டார். இருக்கிறதிலேயே நல்ல கதை அதுதான். அதைவிட எனக்கு இன்னொரு பயம். இன்று இந்த ஒன்றைக் கொடுத்துவிட்டால், நாளை முதல் ஒவ்வொரு வரிக்கும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் எழுதவேண்டியிருக்கும். விட்டுக்கொடுப்பதில்லை என்று தீர்மானித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியை அணைத்தேன். மாஸ்டர் படித்தது இருக்கட்டும், நான் எழுதியதைக் கேளுங்கள் என்று உட்காரவைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் குடை இல்லையா என்றார். இல்லை என்றேன். கையும் பிடிக்கவில்லையா என்றார். இல்லை. "இதுக்கா நான் வெயில்ல மோனோ பிடிச்சுப் போனேன்" என்று அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

அப்புறம் சொன்னார். "அந்தப் புருசங்காரன் எங்கலாம் வாரானோ, அதை மட்டும் திருப்பிப் படி."

படித்தேன். ஒரு மூச்சுக்குள் முடிந்துவிட்டது. கதாநாயகி வேலையிலிருந்து வீட்டுக்கு வருகிறாள். 'சோறு போடு' என்கிறான் கணவன். சாப்பிட்டு முடித்ததும் 'ஃபேனைப் போடு' என்கிறான். அதன்பிறகு அவன் கதையிலேயே இல்லை.

"அந்தப் பயலுக்கு நாலு பக்கம், எனக்கு ரெண்டு வரியா?" என்றார்.

அது நீங்கள் இல்லை, அதெல்லாம் கதைதானே என்றேன். சொன்ன மாத்திரத்தில் என் காதுக்கே அது மாட்டுங்கா பெரியவரின் குரல் மாதிரி கேட்டது. என் கணவர் விடவில்லை. "நீ ஐரோலிலேர்ந்து வந்து செருப்பைக் கழட்டுததுக்குள்ள, சாப்டியான்னுலா கேப்பேன். என்னைக்காவது சோறு போடுன்னு சொல்லிருக்கனா?"

சொன்னதில்லை. ஒருநாள்கூடச் சொன்னதில்லை. நான் வருவதற்குள் பல நாள் அவரே உலை வைத்திருப்பார். அந்த வரியை நான் என் வீட்டில் கேட்கவில்லை, மற்றவர்களுடைய கதைகளிலிருந்து எடுத்துக்கொண்டேன். கதையில் வருகிற கணவன் அப்படித்தான் பேசுவான் என்று கை தானாக எழுதிவிட்டது. காபி டம்ளரோடு வந்துபோகும் அந்த மனைவிகளுக்காகப் பதினைந்து வருடம் கொதித்தவள், வீட்டில் இருந்தவர் கையிலிருந்து டம்ளரைக்கூடப் பிடுங்கிவிட்டேன். எனக்கு அவமானமாக இருந்தது.

அவர் பெரிய மனசு பண்ணினார். கதை இருக்கட்டும், அந்த ஆள் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் பேசட்டும், 'சோறு போடு' என்பதை எடுத்துவிட்டு 'சாப்பிட்டியா' என்று போட்டுவிடு, அது போதும் என்றார். நானும் சரி என்றேன்.

மூன்று நாள் அச்சுப்படியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினேன். கணவன் 'சாப்பிட்டியா?' என்று கேட்டால், அவள் இல்லை என்பாள். அவனும் தட்டை எடுத்து வைப்பான், இரண்டு பேரும் உட்கார்ந்து ஏதாவது பேசுவார்கள். மறுநாள் காலை மோனோவில் ஒருவன் வந்து என்ன படிக்கிறீங்க என்று கேட்டால், அவள் ஏன் நாலு பக்கத்துக்குப் பேசப்போகிறாள்? ஒரு சொல்லை மாற்றினால் கதையே கலைந்துபோகிறது. எப்படி எழுதிப் பார்த்தும் நிற்கவில்லை. கடைசியில், இருந்தது இருந்தபடியே பதிப்பாளருக்கு அனுப்பிவிட்டேன்.

புத்தகம் வந்தது. மாஸ்டர் அதற்குள் குர்லாவில் வேறு கார்கானாவுக்குப் போயிருந்தார். என் கணவர் அட்டையைத் தடவிப் பார்த்தபடி, மாத்திட்டியா என்று கேட்டார். மாத்திட்டேன் என்றேன். மோனோ ரயில்காரருக்காக நான் அவரிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. அந்த இரண்டு வரிக் கணவனுக்காகச் சொன்னேன்.

இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் அவரே அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக் காட்டுகிறார். போன வாரம் வடாலாவிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். "இதுல ஒரு புருசன் வாரான். பொஞ்சாதி வேலைக்குப் போயிட்டு வந்தா, மொதல்ல சாப்டியான்னு கேப்பான். அது நான்தான்" என்றார். அவர்கள் என் பக்கம் திரும்பி, அப்படியா என்றார்கள். ஆமாம், அவரேதான் என்றேன்.