நாற்பது வயதில் கணிதம் படிக்கப் போன எங்கள் அக்கா

அக்கா எங்களைப் பிரிந்து இன்றோடு முப்பத்தொரு நாள். நினைவு மலரில் எல்லோரையும் நல்லவர் என்று எழுதுவதே வழக்கம். அக்காவை அப்படி எழுத எனக்குத் தயக்கமில்லை. அவரைச் சூழ இருந்த எல்லோரையும் அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை.

உடையார்கட்டில் மூத்த மகளாகப் பிறந்த அக்காவின் படிப்பு பத்தாம் வகுப்போடு இடப்பெயர்வில் நின்றது. அம்மாவைப் பறிகொடுத்த பின் என்னையும் தம்பியையும் வளர்த்து ஆளாக்கியவர் அவரே. மீள்குடியேறிய பின் அத்தானைக் கைப்பிடித்து, விசுவமடுவில் வெங்காயமும் கச்சான் கடலையும் பயிர் செய்து, இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் தனியாகப் படித்துச் சாதாரண தரப் பரீட்சை எழுதினார். நாற்பது வயதில், வவுனியாவில் ஒரு கல்லூரியில் சனிக்கிழமைகளில் நடந்த கணக்கியல் டிப்ளோமா வகுப்பில் சேர்ந்தார்.

அதில் கணிதம் கட்டாயப் பாடம். முதற் பரீட்சையில் அக்கா சித்தியடையவில்லை. திருத்திய விடைத்தாளை ஒளித்து வைக்காமல் நேரே ஆசிரியையிடம் கொண்டுபோய், எங்கே பிழை வந்தது என்று கேட்டார். அவரிலும் இளையவரான ஆசிரியை, “அக்கா, வகையீட்டுக் கணக்கு உங்களுக்கு விளங்கியிருக்கு. பின்னத்திலதான் பிழை விடுறியள்” என்றார். அன்றிரவே அக்கா மகளின் ஏழாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார்.

இந்த வேளையில்தான் ஊரில் அந்தக் கதை கிளம்பியது. “இந்த வயதில என்ன கணக்குப் படிப்பு? வவுனியாவில ஆரோ இருக்கினம் போல” என்று தேநீர்க் கடையில் இருந்து சொன்னவர் அத்தானின் உறவினர், எங்கள் வீட்டில் கை நனைத்தவர், கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்பவர். கேட்டவர்கள் சிரித்தார்கள். மாமி முறையான ஒருவர் அக்காவின் மூத்த மகளையே மறித்து, “சனிக்கிழமையில அம்மா ஏன் பவுடர் பூசிக்கொண்டு போறா?” என்று கேட்டார். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம்.

அடுத்த சனிக்கிழமை அத்தான் அக்காவுக்குச் சொல்லாமல் பின்னால் வந்த பஸ்ஸில் ஏறினார். இதை எழுதச் சொன்னவரும் அத்தானே. கல்லூரிக்குப் போய் வகுப்பு யன்னலோரம் நின்றவரைக் கண்டு அக்கா வெளியே வந்தார்.

“என்னப்பா, பிள்ளையளுக்கு ஏதுமோ?”

“இல்லை” என்ற அத்தானால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அக்காவுக்கு விளங்கிவிட்டது. அவர் ஏசவில்லை. “உள்ள வாங்கோ. பின்னுக்குக் கதிரை இருக்கு. வகுப்பு முடியுமட்டும் இருந்து பாருங்கோ” என்றார்.

அத்தான் மதியம் வரை இருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில், “எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. உமக்கு விளங்குதே?” என்று கேட்டார்.

“இன்னும் முழுக்க இல்லை. விளங்கும்.”

“அப்ப நீர் படியும். கதைக்கிறவைக்கு நான் மறுமொழி சொல்லுறன்.”

அன்று முதல் சனிக்கிழமைச் சமையல் அத்தானின் பொறுப்பாயிற்று. வெங்காயப் பாத்தியில் புல் பிடுங்கும்போது அக்கா கணக்கின் ஒவ்வொரு படியையும் வாய்விட்டு அவருக்குச் சொல்லிப் பார்ப்பார். சொல்ல முடியாமல் நின்ற இடத்தை மறுவாரம் ஆசிரியையிடம் கேட்பார். தன் வயதில் பாதியே ஆன மாணவிகளோடு வகுப்பு முடிந்த பின்னும் இருந்து கணக்குச் செய்வார். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவர் ஒருநாளும் கூசியதில்லை. இரண்டாம் முறை சித்தியடைந்தார். இறுதியாண்டுக் கணிதத்தில் திறமைச் சித்தி பெற்றார். கிளிநொச்சியில் கணக்கு வேலையும் கிடைத்தது. அதில் ஓராண்டுகூடச் செல்லுமுன் சிறுநீரக நோய் அவரை வீழ்த்தியது.

இறுதிக் கிரியையன்று அந்த உறவினர் ஒலிவாங்கியைப் பிடித்தார். “படி, படி எண்டு தங்கச்சியை ஊக்கப்படுத்தினதே நான்தான்” என்றார். அத்தான் எழுந்து போய் அவர் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கினார். “காணும் அண்ணை. இருங்கோ” என்றார்.

அக்காவுக்குப் பொறுமையோடு கற்பித்த ஆசிரியைக்கும், வவுனியா வைத்தியசாலையில் முறை வைத்து உடனிருந்த வகுப்புத் தோழிகளுக்கும், நாங்கள் அங்கே கிடந்த நாட்களில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிய அயலவர்களுக்கும், துயரில் பங்குகொண்ட அனைவருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

அந்த உறவினரும் இம்மலருக்கென ஓர் இரங்கலுரை அனுப்பியிருந்தார். அதை நாங்கள் சேர்க்கவில்லை. பக்கம் போதாததால் அல்ல.

குடும்பத்தினர் சார்பில்,
தங்கை