மஞ்சள் கோடு

கடையில் அவனுக்கு ‘அப்டேட்’ என்று பெயர். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டி ஃப்ரேமில் பொருத்துவது வேலை. பதினேழு வருடமாக அதே ஸ்டூல். வெட்டும் இயந்திரத்துக்குப் புது மென்பொருள் வந்தால் கம்பெனி ஆள் வருவதற்குள் அவனே ஏற்றிவிடுவான். ஒருமுறை அப்படி ஏற்றியதில் இயந்திரத்தின் திரை இரண்டு நாள் யாருக்கும் தெரியாத ஒரு மொழியில் இருந்தது. முன்பக்கம் ஃப்ரேம் எடுத்துக் காட்டும் அக்கா அன்றைக்கு வைத்த பெயர் அது.

போனில் அப்டேட் வந்தால் கூடவே வரும் குறிப்பை வரி விடாமல் படிப்பான். ‘சில பிழைகள் சரிசெய்யப்பட்டன’ என்று மட்டும் இருந்தால் கோபம் வரும். எந்தப் பிழை? இத்தனை நாள் எதோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன்?

“அக்கா, காருல இன்டிகேட்டர் போட்டா டிக் டிக்குனு கேக்குதுல்ல? பழைய வண்டியில அது நிஜமாவே ரிலேங்கிற ஒரு குட்டி சுவிட்ச் அடிக்கிற சத்தம். இப்ப வர்ற வண்டியில ரிலேயே கிடையாது. சத்தத்தை ரெக்கார்டு பண்ணி ஸ்பீக்கர்ல விடுறான்.”

“விட்டுட்டுப் போறான். நீ வந்து சாப்பிடு.”

அவனுடைய கார் பதினோரு வருடம் பழையது, சிறியது. அதன் டாஷ்போர்டில் இருந்த ரேடியோவைப் பிடுங்கிவிட்டு ஒன்பது அங்குலத் திரை மாட்டியிருந்தான். பின்னால் ஒரு கேமரா. ரிவர்ஸ் கியர் போட்டதும் திரையில் பின்பக்கத் தரை தெரியும். அதன்மேல் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கோடுகள். குடியிருப்பின் கார் நிறுத்தும் இடத்தில் சாக்பீஸால் தரையில் அளவு போட்டு, கோடுகளைத் திருத்தித் திருத்தி, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குப் போயின.

மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஊருக்கு வெளியே புதிதாகத் திறக்கும் கிளைக்கு அவளைப் பொறுப்பாளராகப் போடுவதாகச் சொன்னார்கள். பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக அவளுக்கென்று ஒரு அறை. ஆனால் காலை ஆறு மணிக்குக் கதவைத் திறக்க வேண்டும். முதல் பஸ்ஸே ஆறு நாற்பதுக்குத்தான். மாதக் கடைசிக்குள் டிரைவிங் லைசென்ஸைக் காட்டினால் வேலை அவளுக்கு. இல்லாவிட்டால் கூட வேலை பார்க்கும் இன்னொருத்திக்கு. அந்த இன்னொருத்தியிடம் ஏற்கெனவே லைசென்ஸ் இருந்தது.

மனைவிக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பதை அவன் ஏற்றுக்கொண்டான். நேராக ஓட்டுவது அவளுக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. தேர்வில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே பின்னால் எடுத்து நிறுத்த வேண்டும், அதுதான் பயம்.

“பயப்பட ஒண்ணும் இல்ல. திரும்பிப் பாக்கவே வேணாம். மஞ்சக் கோடு கம்பத்தைத் தொட்டா முழுசாத் திருப்பு. சிவப்பு வந்தா நிறுத்து. அவ்வளவுதான்.”

நான்கே நாளில் அவள், கம்பங்களுக்குப் பதிலாக வைத்த இரண்டு தண்ணீர் கேன்களுக்கு நடுவில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினாள். தான் போட்ட கோட்டை இன்னொருவர் நம்பி வண்டி ஓட்டுவது அவனுக்குப் புதிதாக இருந்தது. அந்த நினைப்பில் அன்று கடையில் ஒரு லென்ஸைத் தப்பாக வெட்டி, வேறொன்றை எடுத்து மறுபடி வெட்டினான்.

தேர்வு நாளன்று வேலிக்கு வெளியே நின்றான். அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கார் மைதானத்தை ஒழுங்காகச் சுற்றி வந்து நின்றது. பின்னால் வர ஆரம்பிக்கவில்லை. உள்ளே ஏதோ பேச்சு. அதிகாரி தன் தொப்பியைக் கழற்றுவது தெரிந்தது. பிறகு கார் பின்னால் வந்து, கோணலாகி, வலது கம்பத்தைச் சாய்த்தது.

“என்ன ஆச்சு?”

“டிவியை அணைங்கன்னாரு.”

“அது டிவி இல்ல.”

“அதத்தான் நானும் சொன்னேன். எதுவா இருந்தா என்னம்மா, அணைங்கன்னாரு. பட்டனைத் தேடினேன்.”

பட்டன் கிடையாது. அணைக்கும் வசதியை அவன்தான் எடுத்திருந்தான். யாராவது எதற்கு அதை அணைக்கப்போகிறார்கள் என்று நினைத்தான். அதிகாரி தொப்பியைக் கழற்றித் திரைமேல் மாட்டியிருக்கிறார்.

“கேமரா பாத்து ரிவர்ஸ் எடுக்கக் கூடாதாம். விதித்தாள்ல ஏழாவது வரி. அந்தத் தாளை உங்ககிட்டதானே குடுத்தேன்?”

“ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கேன்.”

“படிச்சீங்களா?”

“தேடினா கிடைக்கும்” என்றான்.

வீட்டுக்கு அவன்தான் ஓட்டினான். மறு தேர்வு பன்னிரண்டு நாள் கழித்து. மாதம் முடிய அதற்குப் பிறகு மூன்று நாள்.

அன்று மாலை அவள் அண்ணன் வந்தார். பஸ் ஓட்டுகிறவர். விஷயம் அவருக்கு எப்படியோ போயிருந்தது.

“மாப்ள, வண்டிக்கு எல்லாம் சொல்லிக்குடுத்தீங்க. என் தங்கச்சிக்கு மட்டும் விட்டுட்டீங்க போல.”

“அண்ணா, சும்மா இரு” என்றாள் அவள்.

“நீ நாளைக்கு டிப்போவுக்கு வா. பத்தே நாள். கண்ணை மூடிக்கிட்டு ரிவர்ஸ் எடுப்ப.”

“நீ கத்துவ. உன்கிட்ட சைக்கிள் கத்துக்கிட்டதே போதும். இவர் கெடுத்ததை இவரே சரி பண்ணட்டும்.”

மறுநாள் விடிந்ததும் கீழே போனார்கள். அவள் திரைமேல் ஒரு துண்டைப் போட்டாள்.

“நீங்க எடுத்துக் காட்டுங்க. நான் வெளிய நின்னு பாக்குறேன்.”

அவன் ஏறினான். கண்ணாடியைப் பார்த்தான். கண்ணாடியில் தெரிந்த தண்ணீர் கேன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. தலையைத் திருப்பினான், கழுத்து பாதியில் நின்றது. மெதுவாக விட்டான். கேன் உருண்டு சுவர்வரை போனது. இரண்டாவது முறை இரண்டு கேன்களும் போயின.

திரை மாட்டி நான்கு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் எப்படி எடுத்தான் என்று யோசித்துப் பார்த்தான். நினைவில்லை.

அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தான். அவள் ஜன்னலருகே குனிந்தாள்.

“உங்களுக்கும் தெரியாதா?”

“முன்ன தெரிஞ்சுது. இப்ப தெரியல.”

“சரி, தள்ளி உக்காருங்க. சேந்தே கத்துக்கலாம்.”

ஆளுக்கு அரை மணி நேரம். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் உருண்ட கேனை எடுத்து வைத்தார். அவளுக்குத்தான் முதலில் வந்தது. “பக்கத்துக் கண்ணாடியில கேன் பாதி மறையுது பாருங்க, அப்ப திருப்பணும்” என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். சாக்பீஸைத் தேடிக்கொண்டு அவன் கை சட்டைப் பைக்குப் போயிற்று. “அளக்காதீங்க, பாருங்க” என்றாள்.

ஒரே ஒரு தொல்லை. ரிவர்ஸ் போடும்போதெல்லாம் துண்டுக்குள்ளிருந்து திரை வெளிச்சம் விட்டது. அவள் கண் அங்கே போனது. ஆறாம் நாள் அவன் ஸ்க்ரூ டிரைவரோடு இறங்கி வந்தான். நான்கு திருகு, இரண்டு இணைப்பு. திரையைக் கழற்ற ஏழு நிமிடம் ஆனது. டாஷ்போர்டில் ஒரு சதுரப் பள்ளம். உள்ளே டேப் சுற்றிய வயர்கள்.

மறு தேர்வுக்கும் அதே அதிகாரி. பள்ளத்தைப் பார்த்தாராம்.

“டிவி எங்கம்மா?”

“வீட்டுல சார்.”

கம்பங்களுக்கு நடுவில் வண்டி கொஞ்சம் கோணலாக நின்றது. ஆனால் எதையும் தொடவில்லை. அதிகாரி இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார்.

முதல் தேதி முதல் அவள் ஐந்தே காலுக்குக் காரை எடுத்தாள். அவன் கடைக்குப் பஸ்ஸில் போனான். அந்தப் பஸ்ஸில் நிறுத்தங்களை அறிவிக்கும் பலகை ஒரு நிறுத்தம் பின்தங்கியே ஓடியது. அதை யாரிடம் சொல்வது என்று இரண்டு வாரமாக விசாரித்துக்கொண்டிருந்தான்.

திரை அலமாரியில் பஞ்சுப் பைக்குள் இருந்தது. ஒரு விடுமுறை நாளில் அதை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தான். அப்டேட் வந்திருந்தது. ஏற்றினான். குறிப்பைப் படித்தான். கேமராவை அணைக்கும் பட்டனை மறுபடி திரையின் முதல் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தான். இரண்டு முறை அழுத்திப் பார்த்தான், வேலை செய்தது.

“மாட்டிடலாமா?” என்று உள்ளே பார்த்துக் கேட்டான். “பட்டன் வெச்சிருக்கேன். வேணாம்னா அணைச்சுக்கலாம்.”

“எங்க மாட்டுவீங்க? அந்தப் பள்ளத்துல என் மூக்குக்கண்ணாடி டப்பா இருக்கு.”

“டப்பாவை வேற எங்கயாவது வெச்சுக்கலாமே.”

“காலையில இருட்டுல கை விட்டா அங்கதான் கிடைக்குது. பேனா, அடையாள அட்டை எல்லாம் அங்கதான்.”

அவன் கீழே போய்க் காரைத் திறந்து பார்த்தான். அவன் கடையில் கொடுக்கும் டப்பாதான். பேனாவும் அட்டையும் அதை ஒட்டிச் செருகியிருந்தன. வயர்களின் முனையில் இருந்த டேப் ஓரிடத்தில் விட்டிருந்தது. அவள் கை படும் இடம். மேலே போய் டேப்பும் கத்தரிக்கோலும் எடுத்துவந்தான்.