இரண்டாம் பிணையாளர்

கண்ணால் கண்டதையும் கையில் எடுத்துப் படித்ததையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். சரிபார்க்காமல் எழுதிய ஒரு வரி எவ்வளவு இழிவாக முடியும் என்பதை, பின்னால் வரும் அறிக்கை எனக்குக் காட்டியது.

பள்ளிமுனையில், தேவாலயத்தை அடுத்த மண்டபத்தில், குற்றவியல் நீதிச் சீர்திருத்தம் பற்றிய சிறப்புரை. பேச்சாளர் தலைநகரிலிருந்து வந்தவர். நன்றியுரை என்னுடையது. அவர் வாய் திறக்குமுன்பே 'செறிவான உரை' என்று எழுதி வைத்திருந்தேன்.

வாசலில் வருகைத்தாள் நீட்டினார்கள். எனக்கு முன்னால் நின்ற பெண் அதில் தம் கணவரின் பெயரை எழுதினார். தடைசெய்த வலையோடு பிடிபட்ட படகில் கூலிக்குப் போன அந்தக் கணவர், விளக்கமறியல் சிறையில் இருந்தார். படகின் உரிமையாளரான சம்மாட்டி முன்வரிசைக் கதிரையில் இருந்தார்.

"அக்கா, வந்த ஆளின்ரை பேரைத்தான் எழுதோணும்," என்றாள் தாளை வைத்திருந்த பெண்.

"நான் வந்து என்ன பிள்ளை? உள்ளுக்கை இருக்கிறது அவர்தானே. இது நீதவானிட்டைப் போற தாள்தானே?"

அவள் திருத்தவில்லை. பின்னால் வரிசை நீண்டிருந்தது.

பேச்சாளர் சிறையைச் சமூகத்தின் கண்ணாடி என்றார். சற்றுப் பொறுத்துச் சமூகத்தின் நிழல் என்றார். எதுவென்று முடிவுசெய்யும் சிரமத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

"இவர் கதைச்சு முடிக்கிறதுக்குள்ளை உன்ரை மனுசன் தானா வந்து சேர்ந்திடுவார்," என்றார் அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்தவர்.

"வந்தா நல்லம்தானே. கதைக்கட்டும்."

கேள்விநேரத்தில் அந்தப் பெண் எழுந்தார். "பிணை குடுத்திட்டினம், ஐயா. ரெண்டு பேர் கையெழுத்து வைக்கோணும். ஒராள் என்ரை அண்ணன். மற்ற ஆள் இல்லை. இஞ்சை இருக்கிற ஆராவது வருவியளோ?"

"மிகவும் ஆழமான கேள்வி," என்றார் பேச்சாளர். பிணைமுறையின் கட்டமைப்புச் சிக்கல்களை நெடுநேரம் விளக்கினார். சம்மாட்டி தலையசைத்துக் கேட்டார். கைதட்டினார்கள். பதில் இனித்தான் வரும் என்பதுபோல் அந்தப் பெண் நின்றுகொண்டே இருந்தார்.

நான் ஓய்வுபெற்ற அரசாங்க ஆசிரியன். நிலையான முகவரி உண்டு. பிணை நிற்கத் தகுதியும் உண்டு. நானும் எழுந்தேன். 'செறிவான உரை' என்று வாசித்துவிட்டு உட்கார்ந்தேன். பிறகு எல்லாரும் படமெடுக்கப் போனோம்.

அடுத்த மாதம் அச்சிட்ட அறிக்கை வந்தது. உரையால் பயன்பெற்றோர் பட்டியலில், உரை நடந்தபோது சிறையில் இருந்தவரின் பெயர் முகவரியோடு இருந்தது. வந்திருந்து கேள்வி கேட்ட மனைவியின் பெயர் இல்லை. அவருடைய கேள்வி மட்டும் 'பயனுள்ள கலந்துரையாடல்' ஆகியிருந்தது.

அதன்பின்தான் பட்டியலில் இருந்த முகவரியைத் தேடிப் போனேன். வீடு பூட்டியிருந்தது. அயலவர் இருவர் சொன்னவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஆகவே அவற்றை இங்கு சேர்க்கவில்லை.

இரண்டாம் கையெழுத்தை எவரேனும் வைத்தாரா, அந்த மனிதர் வீடு திரும்பினாரா என்பவை எனக்குத் தெரியா.